பெயர் மாறிய கப்பல்கள்

1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்திலுள்ள குளோசெஸ்டர் துறைமுகத்தில் பாய்க்கப்பல் ஒன்று வந்து நங்கூரமிட்டது. அதன் நீளம் 89 அடி, பாய்மரம் இரண்டு. குளோசெஸ்டர் மீன்பிடி கப்பல்களுக்குப் பேர்போன துறை. பாய்க்கப்பல் அவ்வூரார்க்குப் புதுமைப் பொருளன்று. ஆயினும் இக்கப்பலின் வருகையை அமெரிக்க நாளேடுகள் வியந்து எழுதின. உலகின் மறுபாதியிலிருந்து, ஏடனையும் சூயெசுக் கால்வாயையும் நடுநிலக் கடலையும் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலையும் தாண்டி அது வந்து சேர்ந்திருந்தது.

கப்பலின் பெயர் ‘புளோரன்சு சி. ராபின்சன்’. இப்பெயரை மட்டும் படிப்பவர் அதனை அமெரிக்கர் கட்டிய கப்பல் என்றே கொள்வர். ஆனால் அதனைச் செலுத்தி வந்த மாலுமிகள் யாழ்ப்பாணத் தமிழர். அது கட்டப்பட்ட இடம் இலங்கையின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை. பிறந்த ஊரில் அது தாங்கியிருந்த பெயர் ‘அன்னபூரணி அம்மாள்’.

ஒரே கப்பலுக்கு இரண்டு பெயர்கள். ஒன்றை அமெரிக்கர் அறிவர். மற்றொன்றை வல்வெட்டித்துறையார் அறிவர். இரண்டும் ஒன்றே என்பதை அறிந்தவர் சிலரே. தமிழரின் கடலோடி வரலாற்றை எழுதப் புகுவோர் எதிர்ப்படும் இடர்ப்பாடுகளுள் இதுவும் ஒன்று. பழம் பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப்பெயர் எழுதுவது வர்ணக்காரருக்கு ஓரிரு நாள் வேலை. அவ்வேலை முடிந்தபின் எஞ்சுவதென்ன என்பது வரலாற்றாசிரியருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும் கேள்வி.

மரக்கலத்தில் பெயரை மாற்றுவது எவ்வாறு நடைபெறும் என்பதை முதலில் அறிதல் நன்று. பழைய எழுத்தின் மீது வேறு வர்ணத்தைப் பூசிவிட்டால் போதும் என்று கரையில் இருப்போர் எண்ணுவர். அது போதாது. ஆண்டுதோறும் வர்ணம் பூசிப் பூசி எழுத்துகள் தடித்துப் போயிருக்கும். மேலே பூசினால் அவை புடைத்துக்கொண்டு நிற்கும். ஆதலால் ஊதுவிளக்கின் சூட்டில் வர்ணத்தை இளக்கிச் சுரண்டி எடுப்பர். பிறகு உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்குவர். அப்போதுதான் ஒரு விந்தை புலப்படும். வெயிலும் உப்புக்காற்றும் பட்ட பலகை நிறம் மாறிச் சற்றே தேய்ந்திருக்கும். எழுத்தின் அடியில் மறைந்திருந்த பலகையோ புதுமை குன்றாமல் இருக்கும். வர்ணம் முழுதும் போனபின்னும் பழம்பெயர் மரத்திலேயே நிழல்போல் தெரியும். எழுத்துகளைச் செதுக்கிப் பொன்பூச்சிட்ட கப்பலாயின் தொல்லை இரட்டிப்பு. பள்ளங்களைப் பட்டியிட்டு நிரப்ப வேண்டும். சில வேளை பலகையையே மாற்ற வேண்டும்.

புதுப்பெயர் எழுதுவதும் எளிதன்று. கப்பலின் பின்புறம் சமதளமாக இராது. வளைந்தும் சாய்ந்தும் இருக்கும். அளவுகோல் வைத்து எழுத்துகளுக்குச் சமமான இடம் விட்டால், தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு ஓரத்தெழுத்துகள் நெருங்கித் தோன்றும். ஆகவே தேர்ந்த வர்ணக்காரர் நடுக்கோடு ஒன்றை நூலடித்துக் குறித்துக்கொண்டு, நடுவெழுத்திலிருந்து இருபுறமும் எழுதிச் செல்வர். இடையிடையே படகேறிச் சற்றுத் தள்ளிப் போய்ப் பார்ப்பர். அவர்களுக்கு அளவுகோல் கண்தான்.

இரும்புக் கப்பல்கள் வந்தபின் இம்முறை சிறிது வேறுபட்டது. எழுத்துகளின் விளிம்பைப் பற்றுவைப்பினால் தகட்டின்மேல் வரைந்துவிடுவர். அதன்பின் வர்ணக்காரர் அக்கோட்டிற்குள் வர்ணத்தை நிரப்பினாலே போதும். கப்பல் கைமாறும்போது இக்கோடுகளைத் தேய்த்தெடுக்கச் செலவாகும். செலவுக்கு அஞ்சும் முதலாளிகள் அவற்றின்மீதே வர்ணம் பூசிப் புதுப்பெயர் எழுதிவிடுவர். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, புதுப்பெயரின் அடியில் பழம்பெயரும் எழுந்து நிற்பதைத் துறைமுகத்தில் நிற்போர் படிக்கலாம்.

பெயரெழுதும் இவ்வேலையில் அரசும் தலையிட்டது. பிரிட்டனின் 1894-ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம், பதிவு பெற்ற ஒவ்வொரு கப்பலும் அணியத்தின் இருபுறத்திலும் தன் பெயரையும், பின்புறத்தில் பெயரோடு பதிவுத் துறைமுகத்தின் பெயரையும் தாங்க வேண்டும் என்று விதித்தது. கருந்தளமாயின் எழுத்து வெண்மையோ மஞ்சளோ ஆதல் வேண்டும். வெளிர் தளமாயின் கருமையாதல் வேண்டும். எழுத்தின் உயரம் 4 அங்குலத்திற்குக் குறையலாகாது. பெயரை மறைப்பவருக்கும் அழிப்பவருக்கும் 100 பவுன் வரை தண்டம். இதற்கு ஒரு விலக்கையும் அச்சட்டமே தந்தது: பகைவரிடம் சிக்காமல் தப்புதற்பொருட்டுப் பெயரை மறைக்கலாம். சட்டம் இயற்றியோர் கடலை நன்கறிந்தவர் என்பதற்கு இவ்வொரு விலக்கே சான்று.

அரசின் இசைவின்றிப் பெயரை மாற்றவும் அச்சட்டம் இடந்தரவில்லை. காரணம் விளங்கக் கூடியதே. பழுதுற்ற கப்பலுக்குப் புதுப்பெயர் எழுதி நற்கப்பலென்று விற்பது அரிய செயலன்று. பெயர் மாறினும் மாறாத அடையாளம் ஒன்று வேண்டுமென்றே, கப்பலின் பதிவெண்ணை நடு உத்தரத்தில் வெட்டிப் பொறிக்கச் செய்தனர். வெளியே எழுதும் பெயர் உடையவரின் விருப்பம். உள்ளே வெட்டிய எண் கப்பலின் பிறப்புரிமை. பிரிட்டிஷ் பதிவேட்டில் இருக்கும்வரை எத்தனை பெயர் மாறினும் அவ்வெண் மாறாது. பழங்கப்பல்களைத் தேடுவோர் பெயரை விட்டு எண்ணைப் பின்தொடர்வது இதனால்தான்.

இனி அன்னபூரணிக்கு வருவோம். வல்வெட்டித்துறை சிற்றூரேயாயினும் கப்பல் தொழிலில் பேரூர். அவ்வூர்க் கப்பல்கள் தமிழகக் கரைக்கும் பர்மாவுக்கும் சென்று வந்தன. புகையிலையும் ஓடும் மரமும் அரிசியும் ஏற்றி இறக்கின. கப்பல் கட்டும் ஓடாவிமார் அச்சிட்ட வரைபடங்களை நம்பித் தொழில் செய்தவரல்லர். தந்தையிடம் மகன் கற்ற கணக்கே அவர்களுக்கு நூல். பர்மிய அரிசியை நம்பி வாழ்ந்த கரையில் ஒரு கப்பலுக்கு அன்னபூரணி என்று பெயரிட்டதைக் காட்டிலும் பொருத்தமான பெயரீடு வேறெதுவும் இருத்தல் அரிது. கூலங்களைச் சுமந்து வருபவள் அன்னம் தரும் அன்னைதானே!

1930-களில் அக்கப்பலை வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். அவர் செல்வத்தைக் கொண்டு விளையாடிய வெறும் பயணியல்லர். ‘சுவாப்’ என்ற 32 அடிப் படகில் 1928-ஆம் ஆண்டு புறப்பட்டு, 1931-ஆம் ஆண்டில் உலகைச் சுற்றி முடித்தவர். பிற்காலத்தில் தாமே கப்பல் கட்டும் தளம் நடத்தியவர். கலங்களின் நன்மை தீமைகளைப் பிரித்தறியும் கண் அவருக்கு இருந்தது. அத்தகையவர் உலகக் கரைகளையெல்லாம் கண்டபின் வல்வெட்டித்துறைக் கப்பலொன்றை விலைகொடுத்து வாங்கினார் என்பது அவ்வூர் ஓடாவிமாருக்குக் கிடைத்த நற்சான்று. பாராட்டுப் பத்திரங்கள் பல சேர்ந்தாலும் இதற்கு ஈடாகா.

வாங்கியவர் தம் மனைவி புளோரன்சு கிரேனின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டினார். ‘சி’ என்ற தலைப்பெழுத்து கிரேன் என்ற அவரது பிறந்தகப் பெயரைக் குறிப்பது. இதனைக் குற்றமாகக் கூறுவதற்கில்லை. மேனாட்டு மாலுமிகளிடையே கப்பலின் பெயரை மாற்றுவது கேடு தரும் என்றொரு நம்பிக்கை உண்டு. ராபின்சன் அதற்கு அஞ்சவில்லை. மனைவியின் பெயரையோ அன்னையின் பெயரையோ கப்பலுக்கு இடுவது எந்நாட்டுக் கரையிலும் வழக்கமே. கப்பலும் புதுப்பெயரோடு பழுதின்றி அமெரிக்கா சேர்ந்தது.

ஆயினும் விளைவு ஒன்று உண்டு. கப்பலின் பெயரை வைத்தே செய்திகள் அடைவு செய்யப்படும். நூல்களின் பெயரகராதிகள் தொகுக்கப்படும். அமெரிக்க ஏடுகளில் இக்கப்பல் புளோரன்சு என்ற பெயரின் கீழ் இடம் பெறும். தமிழர் கட்டிய கப்பல்களைத் தேடும் மாணவர் அவ்விடத்தில் தேடார். தேடினும் நின்று படியார். வல்வெட்டித்துறையிலோ பாட்டன்மார் பேரர்க்குச் சொன்னது அன்னபூரணியின் கதை. அங்கே புளோரன்சு என்ற பெயர் பின்னொட்டாகவே வரும். இரு கரைகளின் நினைவையும் இணைத்துப் படிக்காதவரை, அமெரிக்கர்க்கு அது பிறப்பிடம் மங்கிய கப்பல். நமக்கோ சேருமிடம் மங்கிய கப்பல்.

மலாயாத் தமிழர் நன்கறிந்த கப்பலொன்றும் பெயர் மாறியதுண்டு. ‘ரஜூலா’ 1926-ஆம் ஆண்டு கிளாசுகோ நகரில் பிரிட்டிஷ் இந்தியா கப்பற் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. குசராத்திலுள்ள ஓர் ஊரின் பெயர் அதற்கு. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்று அது ஓடிய வழியில் தோட்டத் தொழிலாளரும் வணிகரும் ஆசிரியரும் பாய் விரித்துப் படுத்து வந்தனர். 1973-ஆம் ஆண்டு இந்தியக் கப்பற் கழகம் அதனை வாங்கி ‘ரங்கத்’ என்று பெயர் மாற்றியது. அது அந்தமான் தீவிலுள்ள ஓர் ஊர். மறு ஆண்டே கப்பல் உடைப்புக்குச் சென்றது. ரஜூலா என்ற எழுத்து அதன் உடலில் இருந்தது 47 ஆண்டு. ரங்கத் என்ற எழுத்து இருந்தது ஓராண்டளவே. ரங்கத்தில் வந்தேன் என்று சொல்லும் முதியவர் இந்நாட்டில் எவருமிலர். ரஜூலாவில் வந்தேன் என்று கூறியவர் எத்தனையோ பேர்.

அதே வழியில் அடுத்து ஓடிய ‘சிதம்பரம்’ நேர்மாறான கதை. பிரெஞ்சுக்காரர் 1966-ஆம் ஆண்டு டன்கர்க்கில் கட்டி, தென்னமெரிக்கப் பயணத்துக்கு விட்ட கப்பல் அது. அறிவியலறிஞர் பாசுட்டரின் பெயரைத் தாங்கியிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் இந்தியர் கைக்கு வந்ததும் பாசுட்டர் போய்ச் சிதம்பரம் வந்தது. அன்னபூரணியை இழந்த கணக்கில் இது ஓர் ஈடு என்று சிலர் நகைச்சுவையாகச் சொல்லலாம். அப்பெயரைக் கேட்ட தமிழர்க்குத் தில்லைக் கூத்தனும் நினைவில் வந்தான். கப்பலோட்டிய சிதம்பரனாரும் வந்தார். 1985-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பயணிகள் பலர் மாண்டனர். கப்பல் அதன்பின் உடைக்கப்பட்டது. இன்றும் மக்கள் அதனைச் சிதம்பரம் என்றே நினைவு கூர்கின்றனர்; பாசுட்டர் என்று அறிந்தவர் கப்பல் நூல் பயில்வோர் மட்டுமே.

சிதம்பரனார் பெயரை எடுத்ததால் மற்றொன்றும் கூறுதல் தகும். அவருடைய சுதேசிக் கப்பற் கம்பெனியின் புகழ்பெற்ற கப்பல்கள் இரண்டும் ‘காலியா’, ‘லாவோ’ என்ற அயற்பெயர்களோடேயே ஓடின. விடுதலை வேட்கைக்குச் சின்னமான கப்பல்களில் தமிழ்ப் பெயர் எழுதப்படவில்லை என்பது வியப்பாக இருக்கலாம். ஆனால் அவற்றை அன்னியக் கப்பல் என்று கூறத் துணிவார் யார்? பெயரை மட்டும் நம்பிக் கணக்கெடுத்தால் அன்னபூரணியை அமெரிக்கர்க்குக் கொடுத்து, காலியாவைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்து, பாசுட்டரை நம்முடையதாகக் கொள்ள நேரும்.

வர்ணத்தில் எழுதியது இவ்வாறு போக, உலோகத்தில் வார்த்த எழுத்தொன்று மிகத் தொலைவில் நிலைத்திருக்கிறது. நியூசிலாந்தின் வடபகுதியில், 1836-ஆம் ஆண்டளவில், வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார் மவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்த பாத்திரமொன்றைக் கண்டார். வெண்கலத்தாலான அது உண்மையில் ஒரு மணியின் மேற்பகுதி. விளிம்பு உடைந்து போயிருந்தது. பெருங்காற்றில் வீழ்ந்த மரமொன்றின் வேர்களிடையே கிடைத்ததென்று அம்மக்கள் கூறினர். பாதிரியார் இரும்புப் பாத்திரமொன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார். மணியைச் சுற்றி வார்க்கப்பட்டிருந்த எழுத்துகள் தமிழ் என்பது பின்னர் அறியப்பட்டது. அது இப்போது வெலிங்டன் நகரிலுள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அம்மணி எவ்வாறு அக்கரையை அடைந்தது என்பது பற்றி ஆராய்ச்சியாளர் பலவாறு கருதுகின்றனர். எழுத்தில் ஐயமில்லை. ‘முகைதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’ என்பது அதன் பொருள். கப்பலின் உடைமையாளர் பெயர் அதில் இருக்கிறது. கப்பலின் பெயர் இல்லை.