வல்லாளன் ஏன் இங்கு வந்தான்? திருவண்ணாமலை நகர வரலாற்றில் செங்கம் வழி

திருவண்ணாமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் கோயிலின் வரலாற்றை எழுதி முடித்திருக்கிறார்கள். பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கும் கிழக்கு ராஜகோபுரத்தின் அடியில் நின்றுகொண்டு வேறு எதையும் பார்ப்பது கடினம்தான். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம், கிருஷ்ணதேவராயர் 1516-17 அளவில் ஆயிரங்கால் மண்டபமும் திருக்குளமும் எடுத்த தலம் என்று வரிசைப்படுத்தி, ‘கோயில் வளர்ந்தது, ஊரும் உடன் வளர்ந்தது’ என்று முடித்துவிடுகிறோம். இது தவறில்லை, ஆனால் பாதிதான். மறுபாதியை மேற்கே செங்கத்துக்குப் போகும் வழியில் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சவ்வாது மலைக்கும் தென்பெண்ணைக்கும் இடையே, பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரிப் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து கீழ்நாட்டுக்கு இறங்குபவர்கள் சிங்காரப்பேட்டைக் கணவாயையும் செங்கத்தையும் கடந்து அண்ணாமலையின் அடிவாரத்துக்கு வந்து சேர்வார்கள். இந்த வழி பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் செங்கண்மாத்து நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறது. ஆற்றுப்படை என்றாலே வழி சொல்வது. அதில் வரும் நவிர மலையைப் பருவதமலை என்பர். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று நூலாக வெளியிட்ட கற்களில் பல்லவர் காலத்து ஆகோள் பூசல்களில் மாண்டவர்கள் இருக்கிறார்கள். மாடும் படையும் நடந்த நிலம் இது. கார்த்திகைத் தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையைத் திருவிழாவின் துணைவிளைவாக மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கற்களையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வழியின் வலிமை வெளிப்படையாகத் தெரிவது பதினான்காம் நூற்றாண்டில். போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளனின் துவாரசமுத்திரம் 1311இல் மாலிக் கபூரிடம் பணிந்தது. 1327 அளவில் தில்லிப் படை மீண்டும் வந்தது. அதன்பின் அவன் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டான். கன்னடக் கல்வெட்டுகளில் இவ்வூர் உண்ணாமலைப் பட்டணம் ஆகிறது. பக்தி ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் படம் ஒன்றை விரித்துப் பார்த்தால், மேலே கன்னட நாடு, தெற்கே மதுரை சுல்தான்கள்; இரண்டையும் கண்காணிக்கவும் வேண்டியபோது மலைக்குப் பின்வாங்கவும் ஏற்ற இடம் கணவாயின் வாயில்தான். வீடிழந்த ஓர் அரசு முகாமிட்ட ஊர் இது என்று சொன்னால் ஊர்க்காரர்கள் முகம் சுளிக்கக்கூடும். எனக்கு அதுவே சரியான விளக்கமாகப் படுகிறது.

1342இல் கண்ணனூர் முற்றுகையை அடுத்து மதுரை சுல்தானிடம் சிக்கிய வல்லாளன் கொல்லப்பட்டான். எண்பது வயதைத் தொட்ட அந்த மன்னனின் தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாம் கண்டதாக இபன் பதூதா எழுதுகிறார். இப்போது ஊர் வைத்திருக்கும் நினைவைப் பாருங்கள். சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வல்லாளன் பிள்ளையில்லாத அடியவன். சிவனே அவனுக்குக் குழந்தையாகிறான். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி, மகன் முறையில் அவனுக்குத் திதி கொடுக்கிறார். சடலமும் ஊர் வந்து சேராத ஒரு மன்னனுக்கு ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு கடந்தும் கருமம் நடக்கிறது. போரை மறந்து மன்னனை மட்டும் காப்பாற்றிக்கொண்ட நினைவு இது. அவன் ஏன் இங்கு வந்தான் என்ற கேள்வி சடங்குக்குள் கரைந்துவிட்டது. வரலாற்றாசிரியர்களும் அதை மீண்டும் கேட்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இதே கதை வேறு வேடத்தில் திரும்புகிறது. கர்நாடகப் போர்கள் தொடங்கி 1791 வரை கோயில் மதிலே கோட்டை மதிலாக இருந்தது. ஊர் பலமுறை முற்றுகைக்கு ஆளாகிக் கைமாறியது. 1767 செப்டம்பரில், சில வார இடைவெளியில், முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படை ஹைதர் அலி, நிஜாம் கூட்டுப்படையோடு மோதியது. இரண்டு போர்களும் ஒரே சாலையில் நடந்தவை. வடக்குக் கோபுரத்தைக் கட்டி முடித்த அம்மணி அம்மாள் செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்தவர் என்றும், பொருள் கேட்டு மைசூர் அரண்மனை வரை போனார் என்றும் கர்ணபரம்பரைக் கதை கூறுகிறது. கதை மெய்யோ பொய்யோ, கோபுரத்துக்குப் பணம் எந்தத் திசையிலிருந்து வரும் என்பது கதை சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் படைகள் நின்றன. வழி தன் முக்கியத்துவத்தை இழந்தது. தென்னார்க்காட்டின் ஓரத்தில் இருந்த வட்டம் 1911இல் வடார்க்காட்டின் ஓரத்துக்கு மாற்றப்பட்டது. தனி மாவட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விழுப்புரம் – காட்பாடி ரயில்பாதை ஊரின் முகத்தைக் கிழக்கே திருப்பியது. 1896 செப்டம்பர் 1 அன்று திருக்கோவிலூரிலிருந்து அந்த ரயிலில் வந்து இறங்கிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனைத்தான் பின்னாளில் ரமணர் என்று உலகம் தேடி வந்தது. கோயில் நகரம் என்ற ஒற்றை அடையாளம் இறுகியது, என் கணிப்பில், படைவழி அடங்கிய இந்தக் காலத்தில்தான். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்துக்கு பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் திரள்வது கடந்த சில பத்தாண்டுகளின் நிகழ்வு.

அவர்கள் நடக்கும் பாதையின் முதல் பகுதி, ரமணாசிரமத்தைக் கடந்து செல்வது, செங்கம் சாலையேதான். சற்றுத் தொலைவில் கூட்டம் வலப்புறம் திரும்பி அடி அண்ணாமலையை நோக்கிப் போகிறது. சாலை நேரே மேற்கில் செங்கத்துக்குப் போகிறது.