தேக்கா: ஒரு சந்தையின் பெயர் வரலாறு

இடப்பெயர்களும் வரலாற்றுச் சான்றுகளே. கல்வெட்டும் ஏடும் கூறாதவற்றைச் சில வேளைகளில் அவை கூறும். சிங்கப்பூரில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, சிராங்கூன் சாலையில் உள்ள தேக்கா சந்தை. காய்கறி, மீன், இறைச்சி வாங்க நாம் செல்லும் இச்சந்தையின் பெயர் எவ்வாறு தோன்றி நிலைத்தது என்பதை இங்குக் காண்போம்.

ரோச்சோர் ஆற்றை ஒட்டிய இப்பகுதியில் நீரும் புல்லும் மிகுந்திருந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்நடைத் தொழில் தழைத்தது. இந்தியர் பலர் அத்தொழிலில் ஈடுபட்டனர். மலாய் மொழியில் இவ்விடம் 'கண்டாங் கெர்பாவ்' எனப்பட்டது. எருமைக் கொட்டில் என்பது அதன் பொருள். 1915ஆம் ஆண்டில் கட்டப்பட்ட சந்தையும் அப்பெயரையே பெற்றது. சீனர்களோ, இங்கு வளர்ந்திருந்த மூங்கிலைக் கொண்டு, ஹொக்கியன் மொழியில் 'தெக் கா' என வழங்கினர். 'தெக்' என்பது மூங்கில். 'கா' என்பது அடி.

தமிழர் இவ்விரண்டில் சீனப் பெயரையே ஏற்றுக்கொண்டனர். ஹொக்கியன் ககரத்தின் மூச்சொலி தமிழில் இல்லாமையால் அது மறைந்தது. முதலெழுத்தின் குறில் நெடிலாயிற்று. 'தேக்கா' என்னும் வடிவம் அமைந்தது. தேக்கு மரத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

1982ஆம் ஆண்டு பழைய சந்தை அகற்றப்பட்டு, சாலையின் எதிர்ப்புறத்தில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதற்கு 'ஜூஜியாவ்' நிலையம் எனப் பெயரிட்டனர். இது அதே சீன எழுத்துகளின் மாண்டரின் ஒலிப்பு. பொருள் மாறவில்லை, எனினும் மக்கள் அதனைத் தம் பேச்சில் ஏற்கவில்லை. விற்பவரும் வாங்குபவரும் தேக்கா என்றே வழங்கிவந்தனர். இறுதியில் 2000ஆம் ஆண்டு, 'தேக்கா நிலையம்' என்பதே முறையான பெயராயிற்று.

இதனோடு மற்றொரு பெயரையும் ஒப்பிடுவோம். அருகிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தை முற்காலத் தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம் கோவில்' என்றனர். 'கம்பம்' என்பது மலாய் 'கம்போங்' என்பதன் திரிபு. சுண்ணாம்புச் சூளைகள் மறைந்தன; அப்பெயரும் அன்றாட வழக்கிலிருந்து நீங்கியது. சந்தையோ நாள்தோறும் கூடியது. ஆகவே அதன் பெயர் நிலைபெற்றது. ஒரு சொல் வாழ்வதற்கு அதனைச் சொல்லவேண்டிய தேவை இருத்தல் வேண்டும் என்பதை இவ்விரு பெயர்களும் உணர்த்துகின்றன.

இவ்வுண்மை இடப்பெயர்களுக்கு மட்டும் உரியதன்று. அகத்தி, மணத்தக்காளி, முருங்கை என்று கீரைகளைப் பெயர்சொல்லிக் கேட்கும் வழக்கம் தேக்காவில் இன்றும் உண்டு. பொட்டலத்தை எடுத்துப் பணம் செலுத்தும் பேரங்காடியில் அச்சொற்களுக்கு வேலையில்லை. பாடநூலில் மட்டும் இருக்கும் சொல், தேர்வு முடிந்ததும் மறக்கப்படும்.

ஆகவே ஆசிரியர்கள் தம் மாணவர்களை ஒருநாள் காலை தேக்காவுக்கு அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம். காய்களின் பெயர்களைக் கடைக்காரரிடமே கேட்டு எழுதச் செய்யலாம். மலாய் மொழியில் கடையைக் 'கெடாய்' என்பதும், மாம்பழத்தை 'மங்கா' என்பதும் தமிழிலிருந்து சென்றவை என அங்கேயே விளக்கலாம். சொற்கள் கொடுக்கவும் வாங்கவும் பட்ட வரலாற்றை, சந்தையில் நின்று கற்பது எளிது.