பவுலடியாரும் அந்தியோகியாப் பந்தியும்

நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வரைய முற்பட்டபோது, அப்போஸ்தலர் பவுலைப் பற்றி எழுதத் துணிந்தோம். நம் உறுப்பினருள் கிறிஸ்தவரும் உளர், அல்லாதாரும் உளர். ஆயினும் ஒரே பந்தியில் அமர மறுக்கப்பட்ட வரலாறு இரு சாராருக்கும் பொது. ஆதலின் அனைவரும் இதனைப் படிக்கலாம்.

பவுல், கிலிக்கியா நாட்டுத் தர்சு நகரில் பிறந்த யூதர். அவ்வூர் இன்றைய துருக்கியின் தென்பகுதியில் உள்ளது. எபிரேயப் பெயர் சவுல். பவுலுஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்பது பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் சின்னப்பர் என வழங்கும் பெயரிலும் அப்பொருளே விளங்குகிறது. ரோமக் குடியுரிமை பெற்றவர். கமாலியேல் என்னும் ஆசிரியரிடம் சட்டம் பயின்றவர். இயேசுவின் சீடரைத் துன்புறுத்தியதும், ஸ்தேவானைக் கல்லெறிந்தோரின் மேலாடைகளுக்குக் காவல் நின்றதும், தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் மனம் மாறியதும் ஞாயிறு பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகள். விரிக்க வேண்டுவதில்லை.

அவர் செய்த தொழிலைப் பற்றி மேடைகளில் பேசுவோர் குறைவு. கூடாரம் செய்வது அவர் தொழில். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிசோஸ்தம் என்னும் பேராயர் அவரைத் தோல் தொழிலாளி என்றே குறிக்கின்றார். கைத்தொழில் செய்வோரை ரோமப் பெருங்குடியினர் மதித்ததில்லை. தொழிற்கூடத்தில் உயர்ந்தோர்க்கு ஏற்றது எதுவுமில்லை என்று சிசரோ எழுதி வைத்தார். கொரிந்து நகரில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியர் இல்லத்தில் தங்கி, அவர்களோடு அதே தொழிலைச் செய்தார். பேரரசன் கிளாடியஸ் யூதரை ரோமிலிருந்து வெளியேற்றியபோது கொரிந்துக்கு வந்தவர்கள் அவர்கள். அந்நகரில் பவுலை விசாரித்த ஆளுநர் கல்லியோவின் பெயர் தெல்பியில் கிடைத்த கல்வெட்டிலும் உள்ளது. அதனைக் கொண்டே அவர் அங்கிருந்த காலம் கி.பி. 51-ஐ ஒட்டியது என ஆய்வாளர் கணித்தனர். பிறருக்குச் சுமையாகாமல் இரவும் பகலும் தம் கைகளால் உழைத்ததைப் பவுல் மறைக்கவில்லை. தம் கடிதங்களில் எடுத்துரைக்கவும் செய்தார். தோலைத் தொட்டவனைத் தொடாதே என்று விலக்கிய நாட்டில் பிறந்த நாம் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணலாம்.

இனி அந்தியோகியாவிற்கு வருவோம். சிரியா மாநிலத்தின் தலைநகரான அப்பெருநகரில்தான் சீடர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர் எனப் பெயர் பெற்றனர். அங்கே யூதரும் புறவினத்தாரும் ஒன்றாக அமர்ந்து உண்டனர். அங்கு வந்த பேதுருவும் அப்பந்தியில் உண்டார். பின்னர் எருசலேமிலிருந்து, யாக்கோபின் சார்பினர் சிலர் வந்தனர். அவர்கள் வந்ததும் பேதுரு மெல்ல விலகினார், தனித்து உண்ணலானார். ஏனைய யூதச் சீடரும் அவ்வாறே செய்தனர். பவுலைக் கைதூக்கி விட்ட உற்ற நண்பரான பர்னபாவும் விலகினார். பவுல் அனைவர் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டித்தார்.

பேதுரு கொள்கை மாறி விலகினாரல்லர். வந்தவர்களுக்கு அஞ்சி விலகினார் என்றே கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் கூறுகின்றார். நம் வீட்டில் மனமாரச் சோறுண்டு, தம் உறவினர் முன்னிலையில் நம்மை அறியாதவர்போல் நடக்கும் நண்பரை நாம் கண்டதில்லையா? கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுதந்தரன், ஆண், பெண் என்ற வேற்றுமை இல்லை என்னும் புகழ்பெற்ற கருத்து இதே கடிதத்தில்தான் வருகிறது. சோற்றுப் பந்தியில் எழுந்த சண்டையை அறியாமல் அக்கருத்தைப் படிப்போர் அதனை வெறும் வாழ்த்துரையாகக் கொண்டுவிடுகின்றனர். கொரிந்திலும் வசதி படைத்தோர் முன்னதாக வந்து உண்டு குடித்துவிட, ஏழைகள் பசியோடு இருந்தபோது அவர் கடிந்து எழுதினார்.

அவர் சிறைப்பட்டதும் ஒரு தடுப்பின் பொருட்டே. எருசலேம் ஆலயத்தின் வெளி முற்றம் வரை எவரும் வரலாம். அதற்கப்பால் ஒரு தடுப்பு. மீறி நுழையும் வேற்றினத்தான் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கை. அக்கல்வெட்டுகளுள் ஒன்றைப் பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன்-கன்னோ 1871-இல் கண்டெடுத்தார். இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. எபேசு நகரத்துத் துரோப்பீமுவை அத்தடுப்பைக் கடந்து அழைத்துச் சென்றார் என்று குற்றஞ்சாட்டியே மக்கள் பவுலைப் பிடித்தனர். 1939 சூலை 8-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தோரின் வரலாற்றை அறிந்த நமக்கு இக்காட்சி புதிதன்று. ஆயினும் அந்த யூதர்தாமும் ரோமரின் காலடியில் கிடந்த மக்களே என்பதை மறத்தலாகாது. பின்பு செசரியாவில் ஈராண்டுச் சிறை, பேரரசனிடம் மேல்முறையீடு, மெலித்தா தீவில் கப்பற்சேதம், ரோமில் காவல். நீரோவின் ஆட்சியில் அவர் தலை வெட்டுண்டு மாண்டார் என்பது மரபு.

பவுலிடம் நமக்கு வழக்கு ஒன்று உண்டு. அடிமையான ஒநேசிமுவை அன்புச் சகோதரனாக ஏற்கும்படி அவன் தலைவன் பிலேமோனுக்கு எழுதினார். அடிமை முறை ஒழிக என்று எழுதவில்லை. தலைவருக்குக் கீழ்ப்படியுமாறு அடிமைகளுக்குக் கூறும் எபேசியர், கொலோசெயர் கடிதங்கள் அவர் கையால் எழுதப்பட்டவை அல்ல என்போர் அறிஞருள் பலர். ஆயினும் அமெரிக்க அடிமை முதலாளிகளுக்கு அவை வசதியாயின. கறுப்பின அறிஞர் ஹோவர்ட் தர்மனின் பாட்டி அடிமையாக வாழ்ந்தவர், எழுத்தறியாதவர். பேரன் வேதம் வாசிக்கையில் பவுலின் கடிதங்களை வாசிக்க விடமாட்டார். அன்பைப் பற்றிய அதிகாரத்தை மட்டும் எப்போதேனும் கேட்பார். அம்மூதாட்டியின் தீர்ப்பை எளிதில் தள்ள நமக்கு மனமில்லை.

தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. கலாத்தியர் கடிதமும் அதனுள் அடக்கம். ஆயினும் அதே தரங்கம்பாடி ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்தே அமர்ந்தனர். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபையில் சாதி வேற்றுமை உடனே ஒழியவேண்டும் என ஆணையிட்டார். சாதிக் கிறிஸ்தவர் பலர் ஆலயத்தைவிட்டு வெளியேறினர். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்துள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. தங்களுக்குத் தனியிடம் வேண்டுமென்று அங்குள்ள மேல்சாதிக் கிறிஸ்தவர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.