நேருவின் பிறந்தநாள் கடிதமும் 24 நாள் வித்தியாசமும்

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பெண்ணின் பிறந்தநாள் வந்தால், அந்த வருஷம் அவளுக்கு ரொம்பப் பிடித்த புத்தகம் எதுவோ அதை வைத்துத்தான் கொண்டாட்டம். ஐந்து வயதில் அது எரிக் கார்லின் 'பசித்த கம்பளிப்பூச்சி'. மினி இட்லிகளை வளைவாக அடுக்கி, மேலே கொத்தமல்லிச் சட்னி, முகத்துக்கு ஒரு தக்காளித் துண்டு. கேக்கைவிட அதுதான் சீக்கிரம் காலியானது. வந்த குழந்தைகளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட்டும் ஆளுக்கொரு புத்தகம். ஏழாவது பிறந்தநாளின்போது நான் ஆன்சைட்டில் இருந்தேன். வீடியோ காலில் கதை படித்துக் காட்டினேன். பாதிக் கதையில் படம் உறைந்துபோய், மறுபடி இணைப்பு கிடைப்பதற்குள் அவள் தூங்கிவிட்டாள். அந்தக் கதையின் முடிவை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

இந்த வருஷம் பதின்மூன்று. "அதெல்லாம் வேண்டாம்ப்பா, சின்னப் பசங்க பண்றது" என்று சொல்லிவிட்டாள். சரி, பார்ட்டி வேண்டாம், புத்தகமாவது கொடுப்போம் என்று யோசித்தபோது ஞாபகம் வந்தது, உலகத்திலேயே நீளமான பிறந்தநாள் பரிசு ஒன்று பதின்மூன்று வயதுப் பெண்ணுக்காகத்தான் ஆரம்பித்தது என்று. நேரு எழுதிய உலக சரித்திரக் கடிதங்கள். தமிழில் 'உலக சரித்திரம்' என்று ஓ.வி. அளகேசன் மொழிபெயர்த்திருக்கிறார். (ஆமாம், பின்னாளில் ரயில்வே துணை அமைச்சராக இருந்தவரேதான்.) பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி முதல் கடிதத்தைப் பிரித்தேன். இந்திரா பிரியதர்சினிக்கு, பதின்மூன்றாவது பிறந்தநாளை ஒட்டி எழுதியது. இடம் நைனி மத்திய சிறை. தேதி 26 அக்டோபர் 1930.

இங்கேதான் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. இந்திரா பிறந்தது 19 நவம்பர் 1917. கடிதம் 24 நாள் முந்தி இருக்கிறது. ஜெயிலிலிருந்து போய்ச் சேர நாளாகும் என்று முன்கூட்டியே எழுதினாரா? நைனி சிறை அலகாபாத்துக்கு யமுனையின் அக்கரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்ட 24 நாள் எதற்கு?

என்னிடம் இருக்கும் ஆங்கிலப் பதிப்பில் அடியில் சின்னதாக ஒரு குறிப்பு: சம்வத் பஞ்சாங்கப்படி அந்த வருஷம் அவர் பிறந்தநாள் அக்டோபர் 26-ல் வந்தது. அதோடு திருப்திப்பட்டுப் புத்தகத்தை மூடியிருக்கலாம். ஆனால் ஒரு சனிக்கிழமை மதியம் சும்மா இருந்தது.

நம் ஊரில் பிறந்தநாள் என்றால் தமிழ் மாதம், நட்சத்திரம். என் பெண்ணுக்கு ஆனி சுவாதி. சூரிய மாதம் என்பதால் எந்த வருஷமும் ஆனிக்குள்ளேயேதான் வரும். வடக்கே சந்திர மாதமும் திதியும். சந்திர வருஷம் 354 நாள்தான் என்பதால் பிறந்தநாள் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நழுவும். ரொம்ப நழுவினால் ஒரு அதிக மாதம் வந்து பின்னால் தள்ளிவிடும். இந்திரா பிறந்த நவம்பர் 1917-ல் அமாவாசை, உலக நேரப்படி 14-ம் தேதி. அங்கிருந்து ஐந்தாம் நாள் 19. கார்த்திக மாதம் வளர்பிறைப் பஞ்சமி. 1930-ல் அதே மாதத்துக்கு முந்தைய அமாவாசை அக்டோபர் 21. அங்கிருந்து ஐந்தாம் நாள், 26. கணக்கு கச்சிதம். இரண்டு தேதிக்கும் நடுவே 4,724 நாள். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்தது வரை சராசரி 29.5306 நாள், அதை 160-ஆல் பெருக்கினால் 4,724.9. பதின்மூன்று வருஷத்துக்கு 156 மாதம், மேலே நான்கு அதிக மாதம், ஆக 160.

அந்த அக்டோபர் 21 அமாவாசையை நான் சந்தேகப்படவே தேவையில்லை. அன்றைக்கு முழு சூரிய கிரகணம். தென் பசிபிக்கில் நியுவாஃபோவு என்ற குட்டித் தீவுக்கு அமெரிக்கக் கடற்படை வானியலாளர்கள் கப்பலேறிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று, 1917-ல் அந்த அமாவாசை விழுந்த நவம்பர் 14 நேருவின் பிறந்தநாள். அதாவது அப்பாவுக்கு 28 முடிந்த அன்று தீபாவளி அமாவாசை, ஐந்தாம் நாள் பெண் பிறந்திருக்கிறாள்.

சரி, பஞ்சாங்கம் போதும். அந்த அக்டோபரில் அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால்தான் கடிதம் புரிகிறது.

உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஏப்ரல் 14-ல் கைதான நேரு, ஆறு மாதத் தண்டனை முடிந்து அக்டோபர் 11-ல் வெளியே வந்தார். உடல்நிலை கெட்டு முசூரியில் இருந்த மோதிலாலைப் பார்க்கக் கமலாவோடு போய் அங்கே மூன்று நாள் தங்கினார். இந்திராவும் தங்கையின் குழந்தைகளும் அங்கேதான். குழந்தைகளோடு சேர்ந்து கொடியைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஊர்வலம் போனதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிறகு அலகாபாத், விவசாயிகள் மாநாடு, வரிகொடா இயக்கப் பேச்சு. 19-ம் தேதி மறுபடி கைது. மொத்தம் எட்டு நாள் சுதந்திரம். 24-ம் தேதி சிறைக்குள்ளேயே விசாரணை, இரண்டு வருஷத்துக்கு மேல் தண்டனை. தண்டனை கிடைத்த மறுநாளுக்கு மறுநாள் பெண்ணுக்குப் பிறந்தநாள்.

அவரை வைத்திருந்த இடம், சிறைக்குள் ஒரு சிறை. சுமார் நூறு அடி விட்டத்தில் வட்டமாக ஒரு வளாகம், சுற்றிப் பதினைந்து அடி மதில், நடுவில் நான்கு அறைகள் கொண்ட ஒரு கட்டடம். மற்ற கைதிகள் அதற்கு வைத்திருந்த பெயர் 'குத்தாகர்', நாய்வீடு. அது தான் வருவதற்கு முன்பே இருந்த பெயர் என்று நேருவே சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

அங்கே உட்கார்ந்துகொண்டு அவர் எழுதுவதன் சாரம் இது: ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உனக்குப் பரிசு வரும். ஜெயிலிலிருந்து நான் என்னத்தை அனுப்ப? கையால் தொடக்கூடிய எதையும் அனுப்ப முடியாது. காற்றும் மனசும் சேர்ந்த ஏதோ ஒன்று, ஒரு தேவதை கொடுப்பதுபோல, மதில்சுவர் தடுக்க முடியாததைத்தான் அனுப்பலாம்.

இதைப் படித்ததும் சுயசரிதையில் வேறொரு பிறந்தநாளைத் தேடிப்போய் எடுத்தேன். சின்னப் பையன் ஜவாஹரின் பிறந்தநாள். காலையிலேயே பெரிய தராசு கட்டுவார்கள். ஒரு தட்டில் பையன், மறு தட்டில் கோதுமை மூட்டையும் மற்ற சாமான்களும். நம்மூர்க் கோயில் துலாபாரம்தான். நிறுத்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் புதுத்துணி, பரிசு, விருந்து. பையனுக்கு ஒரே குறை, பிறந்தநாள் வருஷத்துக்கு ஒரு தரம்தான் வருகிறது என்பது. இன்னும் அடிக்கடி வர வேண்டும் என்று போராட்டமே நடத்திப் பார்த்தாராம். (இங்கே நம் வீடுகளில் நட்சத்திரத்துக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று என்று அந்தக் கோரிக்கையில் பாதி எப்போதோ நிறைவேறிவிட்டது.)

கோதுமைக்கு எதிரே உட்கார்த்தி நிறுக்கப்பட்ட அந்தப் பையன்தான் நாற்பது வயதில், எடையே இல்லாத ஒரு பரிசைப் பெண்ணுக்குத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தக் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான்.

அவர் பிடித்துக்கொள்ளும் கயிறு, அவளுக்குப் பிடித்த ஒரு கதை. ஜோன் ஆஃப் ஆர்க்கின் கதையை முதன்முதலில் படித்தபோது நீ எப்படி மயங்கிப்போனாய், அவளைப்போல் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டாயே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறார். நாடெல்லாம் போராட்டம் நடக்கும் நேரம். கதையில் படித்தது இப்போது உன் கண்ணெதிரே நடக்கிறது, உன் அம்மாவும் அப்பாவும் அதில் இருக்கிறார்கள் என்று அங்கிருந்து நகர்கிறார். நீ பிறந்த 1917-ம் சும்மா வருஷம் இல்லை, ரஷ்யாவில் புரட்சி நடந்த வருஷம் என்கிறார். பிறகு ஒரே ஒரு அறிவுரை: ரகசியமாகச் செய்யத் தோன்றும் எதையும் செய்யாதே. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தாலே அதில் பயம் இருக்கிறது.

பதின்மூன்று வயதுக் குழந்தையின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. பிறந்தநாளும் அதுவுமாக, தேச சேவைக்கு வீரமுள்ள சிப்பாயாக வளர வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறார். அப்பா ஜெயிலில், தாத்தா படுக்கையில். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு ஒரு பொம்மை தேவைப்பட்டிருக்காதா? ஆனால் பொம்மை அனுப்பும் வழி அவரிடம் இல்லை என்பதும் நிஜம்.

அடுத்த கடிதம் 1931 ஜனவரி முதல் தேதி, புத்தாண்டுப் பரிசு. அன்றைக்குத்தான் கமலாவும் கைதானார். ஜனவரி 26-ல் நேரு வெளியே வந்தார், பிப்ரவரி 6-ல் மோதிலால் இறந்துபோனார். அந்த ஏப்ரலில் ஓய்வுக்காகக் கமலாவையும் இந்திராவையும் அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போனபோது, அரபிக்கடலில் 'கிராகோவியா' கப்பலில் இருந்தும் கடிதம் எழுதியிருக்கிறார். மகளோடு போகும் பயணத்திலேயே மகளுக்குக் கடிதம்! பிறகு மறுபடி சிறை, பரேலி, டேராடூன். 1933 ஆகஸ்டில் முடித்தபோது 196 கடிதங்கள். கையில் நூலகம் கிடையாது. படித்த புத்தகங்களிலிருந்து எடுத்த குறிப்புகளும் எச்.ஜி. வெல்ஸின் உலக வரலாறும் பெரிய துணை. 1934-ல் அலகாபாத் கிதாபிஸ்தான் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அச்சுக்குத் தயார் செய்தவர் தங்கை விஜயலட்சுமி. எடையில்லாத பரிசு கடைசியில் ஆயிரம் பக்கத்தைத் தொட்டது. என் பரணில் இருந்ததை ஒரு கையால் தூக்க முடியவில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அதே நவம்பர் 14-ல் நேருவுக்கு 41 முடிந்தது. அன்றைக்கு நாடு முழுக்கக் கூட்டம் கூடி, எந்தப் பேச்சுக்காக அவருக்குத் தண்டனை கொடுத்தார்களோ அதே பகுதிகளைப் பொதுவில் படித்தார்கள். அப்பா பிறந்தநாளும் வாசிப்பாகத்தான் கழிந்திருக்கிறது.

என் பெண்ணுக்கு ஆயிரம் பக்கத்தைக் கொடுக்கும் தைரியம் எனக்கு இல்லை. முதல் கடிதத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். "வரலாறா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினாள். அரை மணி கழித்து வந்தாள். ஜோன் பற்றியோ ரஷ்யா பற்றியோ கேட்கவில்லை. "அந்த வயித்துல தகடு கட்டிக்கிட்ட ஆளுக்கு அப்புறம் என்னப்பா ஆச்சு?"

கடிதத்தின் தொடக்கத்தில் வரும் கதை அது. அறிவுரை சொல்வது தனக்குப் பிடிக்காது என்பதற்காக, சீன யாத்ரீகர் யுவான் சுவாங் எழுதியதிலிருந்து நேரு எடுத்துச் சொல்வார். தென்னிந்தியாவிலிருந்து ஒருவன் கர்ணசுவர்ணம் என்ற நகரத்துக்கு வந்தான். இடுப்பைச் சுற்றிச் செப்புத் தகடு, தலையில் எரியும் பந்தம். ஏன் என்று கேட்டால், அறிவு அதிகமாகி வயிறு வெடித்துவிடாமல் இருக்கத் தகடு, இருட்டில் கிடக்கும் உங்களுக்காக வெளிச்சம் என்பான். எனக்கு அப்படி வெடிக்கிற ஆபத்து இல்லை என்று நேரு கேலியாக முடித்துவிடுகிறார். என் பெண்ணுக்குக் கேலி போதவில்லை, முடிவு வேண்டும்.

ஏழாவது பிறந்தநாள் கதை ஞாபகம் வந்தது. இந்தத் தடவை விடக் கூடாது என்று யுவான் சுவாங்கின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்தேன். சாமுவேல் பீல், 1884. கர்ணசுவர்ணம் பகுதியில் முழுக் கதையும் இருக்கிறது. அவன் முரசறைந்து வாதத்துக்குக் கூப்பிடுகிறான். எதிர்த்து நிற்க ஊரில் ஆள் இல்லை. அரசனுக்கு அவமானம். கடைசியில் காட்டில் இருந்த ஒரு புத்த பிக்கு வந்து வாதாடி அவனைத் தோற்கடிக்கிறார். அந்த நன்றிக்காக அரசன் கட்டியதுதான் ரக்தமிருத்திகை என்ற விகாரம். நேரு அந்த ஊரைப் பாகல்பூர் பக்கம் என்று எழுதியிருந்தார். 1960-களில் மேற்கு வங்கம் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் ராஜ்பாடிடாங்கா என்ற மேட்டைத் தோண்டியபோது அந்த விகாரத்தின் பெயர் பொறித்த களிமண் முத்திரை கிடைத்தது. இடம் அதுதான் என்று இப்போது எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஜெயித்த பிக்குவும் தென்னிந்தியாவிலிருந்து போனவர்தான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்போ ரெண்டு பேருமே நம்ம ஊர்ப் பக்கமா?"

தெற்கு என்று மட்டும்தான் இருக்கிறது, எந்த ஊர் என்று இல்லை என்றேன். "பேராவது?" என்றாள். பேரும் இல்லை. பீலை அவள் கையில் கொடுத்துவிட்டு, சட்னி அரைக்கச் சமையலறைக்குப் போனேன். அன்று ஆனி சுவாதி, அம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.