சின்னப் பெட்டி பாடக் கற்ற கதை

சென்ற தலைமுறையில் நம் தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டின் செழிப்பை அளக்க இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள். மற்றொன்று முன்னறையில் நிற்கும் ஸ்பீக்கர் பெட்டி. பெட்டி இடுப்புயரம் இருந்துவிட்டால் அந்த வீட்டுக்காரரின் பேச்சும் ஒரு சுற்று உயர்ந்துவிடும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு பெட்டி வந்தது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணையில் அடைத்து, பட்டணத்துக் கடையிலிருந்து லாரியில் ஏற்றிவந்தோம். முகப்பில் மூன்று வட்டங்கள். சுற்றிலும் பளபளவென்று வெள்ளி வளையம். இரண்டு ஆண்டில் அதன் குரல் கரகரத்தது. மாமா வந்து பின்பலகையைக் கழற்றினார். மூன்று வட்டங்களில் ஒன்றுக்குத்தான் கம்பி போயிருந்தது. மற்ற இரண்டும் வெறும் காகிதக் கூம்புகள், காந்தமே இல்லை. அம்மா அன்று ஒன்றும் பேசவில்லை. தவணை அட்டையை மட்டும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

பெரிய பெட்டியில்தான் பெரிய ஓசை என்று நாம் நம்பியிருந்தோம். கடைக்காரர் விற்றது அந்த நம்பிக்கையைத்தான். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது என்பதே இதில் வேடிக்கை. அது எப்போது பொய்யாயிற்று, யார் அதைப் பொய்யாக்கினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது நம் கைப்பணம் தப்பும்.

முதலில் ஒலிபெருக்கி எப்படிப் பேசுகிறது என்று பார்ப்போம். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. பாட்டு மின்னோட்டமாகச் சுருளுக்குள் ஓடும்போது சுருள் முன்னும் பின்னும் துடிக்கிறது. கூம்பும் கூடவே துடித்துக் காற்றைத் தள்ளுகிறது. 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் இந்த முறையைச் சீர்ப்படுத்தி ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அதுவரை ஒலிபெருக்கி என்றால் பெரும்பாலும் நாதசுரத்தின் அணசு போல விரிந்த ஊதுகுழல்தான். ஏறக்குறைய நூறாண்டு கடந்தும் இன்று நாம் வாங்கும் மலிவான பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் அந்த இருவர் வகுத்த அமைப்பே.

ஆனால் இந்தக் கூம்பில் ஒரு சிக்கல் உண்டு. அது முன்பக்கம் காற்றை அழுத்தும் அதே கணத்தில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இரண்டு அலைகளும் கூம்பின் ஓரத்தைச் சுற்றிவந்து ஒன்றையொன்று தின்றுவிடும். பழைய வானொலிப் பெட்டியிலிருந்து ஒலிபெருக்கியை மட்டும் கழற்றி எடுத்துப் பாடவிட்டவர்களுக்கு இது தெரியும். பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல மெலிந்து கேட்கும். உறுமியின் உறுமல் அடியோடு காணாமற் போகும். ஏனென்றால் தாழ்ந்த ஒலிகளின் அலை மிக நீளம். நொடிக்கு 50 முறை துடிக்கும் ஒலியின் அலை நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு சாண் அகலக் கூம்பைச் சுற்றி வருவது ஒரு பொருட்டே அல்ல.

ஆகவே பின்பக்க அலையைச் சிறையிட வேண்டும். பெட்டி பிறந்தது அதற்காகத்தான். ஆனால் பெட்டியைச் சிறிதாக்கினால் உள்ளே அடைபட்ட காற்று கூம்பை அசையவிடாமல் எதிர்த்துத் தள்ளியது. எனவே அலமாரி அளவுக்குப் பெட்டிகள் செய்தார்கள். சிலர் சுவரிலேயே துளைபோட்டு ஒலிபெருக்கியைப் பொருத்தி, அடுத்த அறையையே பெட்டியாக்கினார்கள். நல்ல இசை பெரிய வீட்டுக்காரருக்கு மட்டும் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

இந்த நிலையை மாற்றியவர் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர். இவர் பட்டம் பெற்ற பொறியாளர் அல்லர். கலை வரலாறு படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது படையில் மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டார். போருக்குப் பின் நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்ற சிற்றூரில் குடியேறி, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலியைப் பற்றி வகுப்பு எடுத்தார்.

அவருடைய யோசனை மிக எளிமையானது. கூம்பை அதன் இடத்துக்குத் திரும்ப இழுக்க, அதன் ஓரத்தை விறைப்பாகச் செய்து அதையே ஒரு வில்லாகப் பயன்படுத்தி வந்தார்கள். அந்த விறைப்பான ஓரம் பலமாக இழுபடும்போது ஒழுங்காக இழுபடாது; ஒலி கெடும். பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு வில்தானே என்று வில்ச்சர் எண்ணினார். காற்று ஒழுங்காக அமுங்கி ஒழுங்காக விரியும். ஓரத்தைத் தளர்த்திவிட்டு, சின்னப் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினால் என்ன? அதுவரை பகையாக இருந்த காற்றை அவர் வேலையாளாக வைத்துக்கொண்டார்.

சோதனைக்குத் தளர்ந்த ஓரம் உள்ள ஒலிபெருக்கி எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே இருந்த ஒன்றின் விறைப்பான ஓரத்தை வெட்டி எடுத்தார். அவர் மனைவி ரோஸ்மேரி, மெத்தை உறைத் துணியைக் கத்தரித்துப் புதிய ஓரம் தைத்துக் கொடுத்தார். ஒலிபெருக்கியின் வரலாற்றைத் திருப்பிவிட்ட கருவி அப்படி வீட்டுத் தையலில் உருவானது. நிலைபெற்ற நிறுவனங்களிடம் இந்த யோசனையை விற்கப் பார்த்தார், அவர்கள் நம்பவில்லை. அவருடைய வகுப்பில் படித்த ஹென்றி கிளாஸ் என்ற இளைஞர் நம்பினார். 1954-இல் இருவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அக்கவுஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் பெட்டி ஏஆர்-1. நீளம் இரண்டடிக்குச் சற்று அதிகம். அலமாரி அளவுப் பெட்டிகள் எழுப்பிய அடித்தொனியை அது எழுப்பியது.

காலமும் கைகொடுத்தது. 1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. இனி ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி போதாது. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என்று இரண்டு வேண்டும். அலமாரி அளவில் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர் இன்னொன்றை எங்கே வைப்பார்? புத்தக அலமாரித் தட்டில் வைக்கத்தக்க சின்னப் பெட்டிக்கு அப்போது உண்டான மதிப்பு இன்றுவரை குறையவில்லை. 1966 வாக்கில் அமெரிக்காவில் விற்ற ஒலிபெருக்கிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே நிறுவனத்தினுடையது.

வில்ச்சர் பெற்ற காப்புரிமையை இன்னொரு நிறுவனம் எதிர்த்தது. அது செல்லாது என்று முடிவாயிற்று. அவர் மேல்முறையீடு செய்யவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் அப்படிப் பெட்டி செய்யலாம் என்றாயிற்று. பிற்காலத்தில் அவர் காது மந்தமானவர்களுக்கான கேட்புக் கருவிகளை ஆராய்ந்து, அந்தக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமையே கேட்கவில்லை. 2011-இல் 94 வயதில் மறைந்தார். நம் வீட்டுச் சின்னப் பெட்டிகள் மலிந்ததில் இந்த மனிதரின் பங்கு பெரிது என்றே நாம் கருதுகிறோம்.

மூடிய பெட்டிக்கு ஒரு குறையும் உண்டு. அதைப் பாடவைக்க வலிமையான ஆம்பிளிஃபயர் வேண்டும். அதனால் பெட்டியில் ஒரு துளையிட்டு, பின்பக்கக் காற்றையும் வேலை வாங்கும் பழைய முறையை வேறு சிலர் விடாமல் பிடித்திருந்தார்கள். துளை எவ்வளவு அகலம், குழாய் எவ்வளவு நீளம் என்பது நெடுங்காலம் குருட்டாம்போக்காகவே நடந்தது. 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் இதற்குக் கணக்கு வகுத்தார். எழுபதுகளில் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தெழுதினார். இன்று கடையில் காணும் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலானவை முன்னாலோ பின்னாலோ துளையுள்ளவைதாம்.

அதே எழுபதுகளில் லண்டன் பிபிசி பொறியாளர்கள், வெளியூர் ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்க ஓரடி உயரமே உள்ள ஒரு பெட்டியை அமைத்தார்கள். எல்எஸ்3/5ஏ என்பது அதன் பெயர். இடம் இல்லாத வண்டிக்குள் அறிவிப்பாளரின் குரல் மனிதக் குரலாகக் கேட்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். இடம் இல்லாத வண்டி என்றவுடன் நமக்கு லயத்து முன்னறைதான் நினைவுக்கு வருகிறது.

நம் நாட்டிலும் ஒலிபெருக்கிக்குத் தனிக் கதை உண்டு. 1946-இல் ரேடியோ மலாயா தொடங்கியது. 1949-இல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் ரெடிஃபியூஷன் வந்தது. அது வானொலியே இல்லாத ஸ்பீக்கர் பெட்டி. கம்பி வழியே நிகழ்ச்சி வரும், மாதச் சந்தா கட்டவேண்டும். தோட்டங்களிலோ அப்போது பலர் சேர்ந்து ஒரே பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். டிரான்சிஸ்டர் வானொலி வந்த பிறகே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குரல் கிடைத்தது. பல தோட்டங்களில் மின்சாரம் மாலையில் சில மணி நேரமே இருந்த காலத்தில், பேட்டரியில் பாடும் பெட்டி எவ்வளவு பெரிய வரம் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

சரி, இன்று குறைந்த காசில் ஒரு ஜோடி வாங்கப் போகிறோம். கடையில் என்ன பார்ப்பது?

வட்டங்களை எண்ணாதீர்கள். சின்னப் பெட்டிக்கு இரண்டு போதும்: தாழ்ந்த ஒலிக்கு ஒரு வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ஒரு டுவீட்டர். ஒவ்வொன்றின் அருகிலும் காதை வைத்து அது உண்மையில் பாடுகிறதா என்று கேளுங்கள். நாங்கள் அன்று இதைச் செய்திருந்தால் ஓர் ஆண்டுத் தவணை மிஞ்சியிருக்கும். பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காலி டப்பாபோல் ஓசை வந்தால் பலகை மெலிது. பழைய பெட்டியானால் கூம்பின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். நுரைப்பஞ்சு ஓரமானால் நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டில் மாவாக உதிர்ந்துவிடும். ரப்பர் ஓரமும் துணி ஓரமும் உழைக்கும். அந்த ரப்பரும் பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான். நாம் வெட்டிய பால் அங்கே போய்ச் சேரவில்லை! உதிர்ந்த ஓரத்தை மட்டும் மாற்றலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்காகப் பெட்டியையே குப்பையில் போடவேண்டாம்.

வாங்கிய பிறகு செலவில்லாமல் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. முதல் வேலை, பெட்டியைத் தரையிலிருந்து தூக்குவது. உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் டுவீட்டர் இருக்கட்டும். தனியாகத் தாங்கி வாங்க வேண்டாம். செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டால் போதும். கனமான பொருள் அதிர்வை அடக்கும். இங்கிலாந்தின் வார்ஃப்டேல் நிறுவனத்தை 1932-இல் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே உலர்ந்த மணலைக் கொட்டியே ஒலிபெருக்கிப் பலகை செய்தார். மணலும் செங்கல்லும் நமக்குக் கைக்கெட்டும் பொருள்கள்தானே.

பின்பக்கம் துளையுள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டாதீர்கள். ஒரு முழம் தள்ளி வைத்தால் குடத்துக்குள் பேசுவது போன்ற முழக்கம் குறையும். அப்போதும் குறையாவிட்டால் துளைக்குள் ஒரு பழைய காலுறையைத் தளர்வாகச் செருகிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், இது நல்ல வைத்தியம்.

அடுத்தது கம்பி. ஆம்பிளிஃபயரின் சிவப்பு முனை பெட்டியின் சிவப்பு முனைக்கும், கறுப்பு கறுப்புக்கும் போகவேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் மாறிவிட்டால் ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுக்கும். உறுமி மறுபடி காணாமற் போகும். நிறம் அழிந்துபோன பழைய பெட்டியில் ஒன்றரை வோல்ட் டார்ச்சு பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். வூஃபர் கூம்பு வெளியே நகர்ந்தால் பேட்டரியின் கூட்டல் முனை தொட்ட இடமே சிவப்பு.

மூடிய பெட்டியானால் காற்றுக் கசிவு பெரிய எதிரி. கூம்பைச் சுற்றி விரல்களைப் பரப்பி மெல்ல அழுத்தி விடுங்கள். அது மெதுவாகத் திரும்பினால் பெட்டி நன்றாக மூடியிருக்கிறது. பட்டென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. இணைப்புகளில் புட்டி பூசினால் சரியாகும். நடுவில் உள்ள மூடியை மட்டும் அழுத்தக் கூடாது, பள்ளம் விழும். இடி இடிக்கும் மாலைகளில் மின்இணைப்பைப் பிடுங்கி வைப்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் பழைய பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாமா அதை உடைத்தார். உயிருள்ள அந்த ஒரே ஒலிபெருக்கிக்கு ஒட்டுப்பலகையில் அரைவாசி அளவில் ஒரு பெட்டி அடித்து, இணைப்புகளில் கோந்தும் மரத்தூளும் குழைத்துப் பூசினார். அம்மா ஒரு கிழிந்த தலையணையிலிருந்து இலவம் பஞ்சை எடுத்துக் கொடுத்தார். அது உள்ளே போயிற்று. உட்ஸ்டாக் வீட்டு மெத்தைத் துணியைப் பற்றி அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெட்டி இடுப்புயரம் இல்லை. முழங்கால் உயரம்கூட இல்லை. மறுநாள் மாலை செய்தி வாசித்தவரின் குரல் அதிலிருந்து வந்தபோது, பெரட்டுக்களத்திலிருந்து திரும்பிய அப்பா, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்துச் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.