விளக்கும் வரியும்

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களிலே காண்பது கவிதையல்ல, கணக்கு! இராசராசன் காலத்தில் (985–1014), நந்தா விளக்கொன்று எரிய 96 ஆடுகள். அல்லது 48 பசுக்கள். அல்லது 16 எருமைகள். மந்தையைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்திட வேண்டும். ஒளி ஓயாதிருக்க ஓயாத வருவாய் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

ஆனால், அவ்வொளி ஆண்டவன் சந்நிதிக்கு! அந்தி சாய்ந்தபின் வயலிலிருந்து திரும்பும் உழவன் நடந்த தெருவுக்கு?

1866-இல் தஞ்சையில் நகராட்சி அமைந்தது. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டம், சொத்துவரியின் ஓர் உறுப்பாக விளக்குவரி விதிக்க இடமளித்தது. கட்டிடத்தின் ஆண்டு மதிப்பே அளவுகோல். மாளிகை மிகுதியாகத் தரும். சிறுவீடு குறைவாகத் தரும். விளக்கோ வருபவன் யாரெனக் கேளாது எரியும்! புண்ணியம் நாடி ஒருவர் ஈந்த கொடை, ஊர் நலம் நாடி அனைவரும் ஏற்கும் கடமையாயிற்று.

வீட்டுக்கு இவ்வளவென ஒரே கட்டணம் வாங்குவது எளிதென்பார் உளர். எளிதுதான், மாடிக்கும் மண்குடிசைக்கும் ஒரே சுமை, நீதியாகுமா? அனைவர் பணத்தில் எரியும் விளக்கு, கடைவீதியில் பளிச்சிட்டுச் சேரி முனையிலே அணைந்துவிடின், அது பொதுவிளக்காகுமா?

சோழன் நெய்யை அளந்தான். நாம் அளக்க வேண்டியது, கடைசித் தெருவை எட்டும் ஒளியை!