காமன் பொட்டலும் வாலிபர் முகாமும்

அரநாயக்கவுக்கு அருகே நிற்கும் பதலேகல மலை, தூரத்திலிருந்து பார்ப்போருக்கு விரித்துவைத்த வேதாகமம் போலத் தோன்றும். அதனால் ஆங்கிலேயர் அதை 'பைபிள் ரொக்' என்றனர். அம்மலையைச் சூழ்ந்த சப்ரகமுவத் தோட்டங்களின் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இவ்விரண்டையும் ஒப்பிடுகிறேன்: பாடசாலை விடுமுறையில் திருச்சபைகள் நடத்தும் வாலிபர் முகாம், மாசியில் மலையகத் தோட்டங்கள் ஆடும் காமன் கூத்து. முகாம் நடத்துவோரில் பலர் கூத்தை விக்கிரக வழிபாடு என்று விலக்குவர். கூத்தாடுவோரில் பலர் முகாமை மதம் மாற்றும் வழி என்று ஐயுறுவர்.

இரண்டுமே கடல் கடந்து வந்தவை. கோப்பிக் காலத்தில் வந்த தொழிலாளர் காமனைத் தம் ஊர்களிலிருந்து கொண்டுவந்தனர். 1854இல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' உபதேசியார்களைத் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவந்தது. முகாம் என்றதும் 1868இல் வேல்ஸ் நாட்டு லாண்டட்னோ கடற்கரையில் ஜோசாயா ஸ்பியர்ஸ் சிறுவர்களைக் கூட்டி, மணலில் எழுத்து வரைந்து கற்பித்த கதையைச் சொல்வது வழக்கம். அதற்கும் முன்னரே, அதே 1854இல், ராக்லண்ட் என்ற மிஷனரியும் தோழர்களும் வடதிருநெல்வேலியில் ஊர் ஊராகக் கூடாரமடித்து ஊழியம் செய்யத் தொடங்கிவிட்டனர். கூடாரத்தை மேற்கிலிருந்து மட்டும் இரவல் பெற்றதாக நாம் எண்ண வேண்டியதில்லை.

காமன் ஆடுவோர் காப்புக் கட்டி விரதம் இருப்பர். முகாமுக்கு வருவோர் கைபேசியை ஒப்படைத்து, விடியலில் தியானத்துக்கு எழுவர். கூத்தாடும் பொட்டலில் தப்பு முழங்கும். முகாமில் கிற்றார் ஒலிக்கும். அங்கே கூத்து மாஸ்டர், இங்கே 'அண்ணா', 'அக்கா' என்று அழைக்கப்படும் வழிநடத்துநர். காமன் நாட்கள் பெரும்பாலும் தவக்காலத்தோடு சேர்ந்தே வருகின்றன. நெற்றியில் சாம்பல் பூசிய கிறிஸ்தவப் பிள்ளை, மன்மதன் சாம்பலாகும் கதையை அடுத்த லயத்திலிருந்து கேட்கிறது.

நெருப்பில்தான் உறவு மிக நெருங்குகிறது. சில முகாம்களில் இறுதி இரவு, விட்டுவிட விரும்பும் பழக்கத்தைத் தாளில் எழுதித் தீயிலிடுவர். பொட்டலிலோ ஆசையின் தெய்வமே எரிகிறது. இரண்டும் வாலிபத்தின் வேட்கையை நெருப்பிடம் கொண்டுவருகின்றன. ஆனால் எரித்தபின் முகாம் மகிழ்ந்து பாடுகிறது, கூத்து அழுகிறது. ரதியின் ஒப்பாரியில் தோட்டமே கரைகிறது. பின்னர் மன்மதன் உயிர் பெறுகிறான், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிபவனாக. ஆசை எரிந்தும் அழியாது, உருவின்றித் திரும்பும் என்பதைப் பதினாறு வயதினருக்கு இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வேறொரு பாடத்தை நான் அறியேன். முகாமோ மன்னிப்பைச் சொல்கிறது. மறுநாள் வீழ்ந்தாலும் மீண்டும் வரலாம் என்ற அந்த வாக்கு கூத்தில் இல்லை. தஞ்சைப் பக்கத்து லாவணியில் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று பிரிந்து காமன் எரிந்தானா என்றே வாதாடுவர். தன் மையத்தையே கேள்விக்கு விடும் அத்துணிவை முகாமின் கேள்வி நேரங்களும் கற்றுக்கொள்ளலாம்.

பெண்பிள்ளைகள் விடயத்தில் முகாம் முந்துகிறது. காமனில் ரதி வேடத்தையும் மரபாக ஆணே கட்டுவான். முகாமில் பெண்பிள்ளை மேடையேறுகிறாள், செபிக்கிறாள், குழுவை நடத்துகிறாள். லயத்து அறையை விட்டு வெளியே தங்க அவளுக்கு வீட்டில் அனுமதி கிடைக்கும் முதல் இரவு பெரும்பாலும் அதுதான்.

நிலைத்து நிற்பதில் கூத்து முந்துகிறது. கூத்து மாஸ்டர் பக்கத்து லயத்தில் இருப்பவர். மறுநாளும் பீலிக்கரையில் எதிர்ப்படுவார். முகாமின் அண்ணாவோ மூன்றாம் நாள் வானில் ஏறிப் போய்விடுவார்.

சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் இத்தோட்டங்களில், சிங்கள மொழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அவர்களுக்குச் செம்மையான தமிழைக் காதில் போடும் இடங்கள் மிகக் குறைவு. முகாமின் மனப்பாட வசனம் அவற்றில் ஒன்று, காமன் பாட்டு இன்னொன்று. எந்தப் பக்கத்தவரும் எண்ணிப் பாராமல் செய்துவரும் இப்பணியே, என் கணிப்பில், இரண்டின் ஆழமான ஒற்றுமை.

'முகாம்' என்ற சொல்லுக்கே இங்கு வேறொரு பாரமும் உண்டு. 2016 மே 17இல் சாமசர மலை சரிந்தபின், அரநாயக்கவில் அது வீடிழந்தோர் தங்கிய இடத்தின் பெயராயிற்று.

அடுத்த விடுமுறைக்கு முகாம் திட்டமிடும் போதகர்களே, ஒரு மாலையைத் தப்புக்கு ஒதுக்குங்கள். பறையர் மேளம் என்று நம் சபைகள் வெட்கி விலக்கிய இசை அது. அடிக்கத் தெரிந்தவர் உங்கள் சபையிலேயே இருக்கிறாரா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.